வடக்குச் சுவரின் ஆடுகள்

பூட்டிக் கிடந்த பிராகாரத்துக்குள் ஆட்டுப் புழுக்கை கிடந்தது.

செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு வந்ததால் பிரகதீஸ்வரி அதை வெறும் காலால் மிதித்தாள். குழையவில்லை, சரளை போலப் பாதத்துக்கடியில் உருண்டது. குனிந்து பார்த்தாள். கருவறையின் வடக்குச் சுவரை ஒட்டித் தரைக்கல் நெடுக, சாக்கு பிரிந்து கொட்டிய மிளகு மாதிரி இறைந்து கிடந்தது. கிழக்கு வாசல் சாவி அவள் கைப்பையில் இருந்தது. தெற்கு வாசலைச் செங்கல் வைத்து அடைத்து நாலு மாதம் ஆகிறது. மதிலோ பன்னிரண்டு அடி. ஆடு என்றால் நமக்குத் தெரிந்த ஆடுதானே, அது எந்த வழியாக வரும்?

அவளுக்குப் பயம் வரவில்லை. கோபம் வந்தது. கொஞ்ச நாளாகவே எது வந்தாலும் அவளுக்கு அது கோபமாகத்தான் வந்தது.

கோயிலைக் கூட்டுகிற காளியம்மாளைக் கூப்பிட்டு, இதுதான் கூட்டின லட்சணமா என்று கேட்டாள். காளியம்மாள் துடைப்பத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நிதானமாக வந்து பார்த்தாள்.

"நேத்துப் பொழுதோட கூட்டிட்டுத்தாம்மா போனேன். நீங்கதானே பூட்டிச் சாவிய எடுத்துக்கிட்டுப் போனீங்க. நானா ஆட்ட உள்ள வுட்டேன்?" என்றவள், கண்ணை உயர்த்தி வடக்குச் சுவரைப் பார்த்தாள். "செவுத்த இப்படித் தோலுரிச்சு வச்சிருக்கீங்க. கோயிலு எது, கொட்டகை எதுன்னு ஆட்டுக்கே தெரியாமப் போயிருக்கும்."

"கூட்டுங்க" என்று மட்டும் சொன்னாள் பிரகதீஸ்வரி.

துடைப்பம் பட்டதும் புழுக்கைகள் பொடிந்தன. அவள் ஒன்றை எடுத்து விரலிடுக்கில் நசுக்கினாள். உள்ளே புல் இல்லை, தழை இல்லை, ஆட்டு வாடைகூட இல்லை. மாவு போன்ற சாம்பல் நிறக் கல்தூள்தான் இருந்தது. அது கைரேகைக்குள் இறங்கி உட்கார்ந்துகொண்டது. குழாயடியில் நின்று மூன்று தடவை கழுவியும் போகவில்லை.

இந்த வேலையில் அவளுக்கு இருபத்தாறு வருடம். ஆயிரம் வருடத்துக் கோயில்களைக் கல் கல்லாக எண் போட்டுப் பிரித்து, இடுக்கில் வேர்விட்ட ஆலங்கன்றைப் பிடுங்கி, சுண்ணாம்பும் கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்த்தரைத்த சாந்தில் மறுபடி அதே எண் வரிசையில் நிறுத்துகிற கட்டடக்கலை வல்லுநர் அவள். சிமெண்ட் மூட்டையைப் பார்த்தால் கத்துவாள். காற்றழுத்த எந்திரத்தால் மணலை வாரிச் சுவரில் அடிக்கிற மணல் வீச்சைக் கண்டால் வேலையை நிறுத்திவிட்டு மேலே கடிதம் எழுதுவாள். எழுதி எழுதியே அலுவலகங்களில் அவளுக்குத் 'தடங்கல் மேடம்' என்று பெயர் விழுந்தது. அந்தப் பெயரோடு ஏழு வருடம் பெரிய வேலை எதுவும் கிடைக்காமல் தஞ்சாவூர் வீட்டில் உட்கார்ந்திருந்தாள். நாற்பத்தொன்பதாவது வயதில் கிடைத்தது இந்த வேலை: கும்பகோணத்துக்குக் கிழக்கே, வீரசோழன் ஆற்றங்கரையில், சித்தாநல்லூர்ச் சிவன் கோயில். அவளை அழைக்கும் முன்பே கும்பாபிஷேகத் தேதியை அச்சடித்துவிட்டார்கள். வைகாசிக் கடைசி.

மாசியில், கருவறையின் வடக்குச் சுவரை மறைத்து யாரோ பிற்காலத்தில் எழுப்பியிருந்த செங்கல் மடப்பள்ளியை இடித்தார்கள். பின்னால் பதினொரு வரிக் கல்வெட்டு இருந்தது. இத்தனை வருடப் பழக்கத்தில் அவளால் எழுத்துக்கூட்டிப் படிக்க முடிந்தது. ஆச்சன் நங்கை என்கிற பெண் சாமிக்கு அணையா விளக்கு ஒன்று வைத்து, அதற்குத் தொண்ணூற்றாறு ஆடு விட்டிருக்கிறாள். இடையன் சாத்தன் எழுவன் அந்த ஆடுகளை ஏற்றுக்கொண்டு, நாளும் ஓர் உழக்கு நெய் அளப்பதாகச் சம்மதித்திருக்கிறான், சந்திரனும் சூரியனும் உள்ளவரை. 'சாவா மூவாப் பேராடு' என்று வெட்டியிருந்தது. சாகாத, கிழடு தட்டாத ஆடுகள். மந்தையின் எண்ணிக்கை குறையக் கூடாது, ஒன்று விழுந்தால் அந்த இடத்தில் இன்னொன்று நிற்க வேண்டும் என்பதை அந்தக் காலத்தார் அப்படி எழுதுவார்கள். வேறெதுவும் இல்லை. படிக்கிற காலத்தில் அந்தச் சொல்லைக் கேட்டு அவள் சிரித்திருக்கிறாள்.

அறிக்கைத் தாளில் ஒரு கட்டம் இருந்தது: வடக்குச் சுவர், கல்வெட்டு உண்டா? உண்டு என்று எழுதினால் படியெடுக்க ஆள் வரவேண்டும், பார்வையிட அதிகாரி வரவேண்டும், மூன்று மாதம் வேலை நிற்கும், தேதி தவறும், மறுபடியும் தடங்கல் மேடம், மறுபடியும் வீடு. அவள் 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். கும்பாபிஷேகம் முடிந்தபிறகு புதிதாகக் கண்டுபிடித்ததுபோலச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தாள். போன வாரம் ஒப்பந்தக்காரர் வைரக்கண்ணு, கல்வெட்டு இல்லாத சுவர்தானே என்று ஒரே மத்தியானத்தில் மணல் அடித்து முடித்துவிட்டார். பதினொரு வரியும் போயிற்று. சுவர் மழித்த தலை மாதிரி வெளுத்து நின்றது.

அன்று முதல் அவள் வைரக்கண்ணுவைத் திட்டிக்கொண்டே இருந்தாள். இப்போது புழுக்கையைக் காட்டியும் திட்டினாள். பூட்டு சரியில்லை, காவல் சரியில்லை, எதிலும் அக்கறை இல்லை. அவர் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

"எதுக்கு மேடம் இவ்வளவு கோவம்? பாலாலயம் பண்ணியாச்சு. சாமியக் கலசத்துல இறக்கிப் பலகைக்கு மாத்தி, வெளிய கொட்டகையில வச்சுப் பூசை நடக்குது. உள்ள இருக்கிறது வெறுங்கல்லு. இத நீங்கதானே எல்லார்கிட்டயும் சொல்லுவீங்க?"

அவள்தான் சொல்லுவாள். கருவறைக் கல்லில் கடப்பாரை வைக்கத் தயங்குகிற ஒவ்வொரு ஸ்தபதியிடமும் இருபத்தாறு வருடமாகச் சொல்லியிருக்கிறாள். பயப்படாதீங்க, இறக்கியாச்சு, உள்ளே ஒன்றும் இல்லை.

"நான் ஊர்ல இல்லாதப்ப மிஷின வச்சீங்க" என்றாள்.

"மிஷினு லாரியில வந்து நின்னப்ப நீங்க அதோ, அந்த வேப்பமரத்தடியில நின்னு காப்பி குடிச்சுக்கிட்டிருந்தீங்க மேடம்." அவர் குரலை உயர்த்தவில்லை. "பாத்தீங்க. பாத்துட்டுத்தான் கார்ல ஏறுனீங்க."

அவரை அறைய வேண்டும்போல் இருந்தது. அறைய முடியாத கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? மதிலுக்கு வடக்கே, சம்பா அறுத்து உளுந்தும் பிடுங்கின வயலில், ராமநாதபுரத்துப் பக்கமிருந்து மந்தை ஓட்டிவந்தவர்கள் எருவுக்குக் கிடை போட்டிருந்தார்கள். நேரே அங்கே போனாள். கோயிலுக்குள் ஆட்டை விட்டது யார் என்று வரப்பில் நின்று கத்தினாள். கிடைக்காரர் எதிர்த்துப் பேசவில்லை. நாலு நாளாகத் தன் ஆடுகள் அந்த மதில் பக்கம் வாய் வைக்கவில்லை என்றார். காட்டினார். மதிலடியில் முழங்கால் உயரத்துக்குப் பச்சைப் புல், ஒரு நுனிகூடக் கடிபடாமல் நின்றது. அத்தனை ஆடுகளும் கோயிலுக்கு முதுகைக் காட்டி, ஒன்றன் வயிற்றுக்கடியில் ஒன்று தலையை நுழைத்துக்கொண்டு நின்றன.

"நீங்க சொல்லாட்டியும் இன்னிக்குக் கிளம்புறதாத்தாம்மா இருந்தோம்" என்றார்.

அன்று சாயங்காலமே போய்விட்டார்கள். மந்தை தார்ச்சாலையில் ஏறியபோது குளம்புச் சத்தம், கோடை மழையின் முதல் கனத்த துளிகள் விழுகிற மாதிரி சடசடவென்று கேட்டு, தேய்ந்து, பாலத்துக்கு அப்பால் அடங்கியது. இனி ஓர் ஆடும் இல்லை என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் வேலையாட்கள் ஐந்து மணிக்குக் கலைந்தபிறகு, அறிக்கைக்குப் படம் எடுப்பதற்காக அவள் மட்டும் வடக்குப் பிராகாரத்தில் நின்றாள். வெயில் மதிலுக்கு மேலே மஞ்சளாக ஏறிக்கொண்டிருந்தது. கீழே நிழல், கிணற்றுத் தண்ணீர் மாதிரி குளிர்ந்து கணுக்காலைத் தொட்டது. முதலில் வாடை வந்தது. மழையில் நனைந்த ஆட்டு முடியின் கனத்த வாடை, அதற்கு அடியில் சூடான நெய்யின் வாசனை, இரண்டும் பிரிக்க முடியாமல் கலந்து, தொண்டைக்குள் ஒட்டுகிற மாதிரி. சித்திரை மாதம். நாற்பது நாளாக மழை இல்லை. கோயிலில் விளக்கு இல்லை.

பிறகு சத்தம். கரக், கரக் என்று, அவசரமில்லாமல், நிறைய வாய்கள் ஒரே சமயத்தில் அசைபோடுகிற சத்தம். மதிலுக்கு வெளியே இல்லை. அவள் சுவரில் காதை வைத்தாள். வெயில் படாத சுவர், ஆனால் வெதுவெதுப்பாக இருந்தது. அசைபோடுவது நின்றது. கேட்டுக்கொண்டிருப்பவளைக் கேட்பதற்காக நின்ற மாதிரி நின்றது.

கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே, காதுக்குப் பக்கத்தில், இடுக்கிலிருந்து ஏதோ நீட்டிக்கொண்டிருந்தது. தேங்காய் நார் என்று நினைத்தாள். வேலையாட்கள் இடுக்கை அடைத்துவிட்டுப் பிசிறை வெட்டாமல் விட்டிருக்கிறார்கள், ஒன்றையும் ஒழுங்காகச் செய்வதில்லை, எல்லாவற்றையும் நானேதான் பார்க்க வேண்டும். அதே கோபத்தோடு இரண்டு விரலால் பிடித்து வெடுக்கென்று இழுத்தாள்.

உள்ளே ஏதோ ஒன்று வலியில் சிலிர்த்து, தன் பக்கம் இழுத்துக்கொண்டது.

கையில் கொஞ்சம் முடி மட்டும் மிச்சம் இருந்தது. அடியில் ஈரம்.

கிழக்கு வாசலைப் பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு நடந்தாள். கொட்டகையில் பலகைச் சாமிக்கு மணியடித்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கொட்டகையைத் தாண்டும்போதுதான் அது அவளுக்குத் தோன்றியது. சாமியை இறக்கி வைத்தோம். அம்மனை இறக்கினோம், பிள்ளையாரை இறக்கினோம், வாசலில் நிற்கிற நந்தியைக்கூட விடாமல் இறக்கினோம். கல்லில் எழுதியிருந்த அந்த ஆடுகளை யார் இறக்கி வைத்தது?

தஞ்சாவூர் வரை கார்க் கண்ணாடியைத் திறக்காமல் ஓட்டினாள். வாடை உள்ளேதான் இருந்தது.

வல்லம் சாலையில் அவள் வீடு. மகள் பெங்களூருக்குப் போனபிறகு தனிதான். தலைக்குக் குளித்தாள், கூந்தலிலிருந்து சாம்பல் நிறத் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. கூடத்தில் பீரோவுக்கு முன்னால் நின்று தலை துவட்டும்போது போன் அடித்தது. மயிலாடுதுறையிலிருந்து தியாகேசன். கல்வெட்டுப் படித்தே வயதானவர்; ஓய்வு பெற்றும் பழைய நோட்டுகளை வைத்துக்கொண்டு இன்னமும் பட்டியல் போடுகிறவர்.

நலம் விசாரித்துவிட்டு விஷயத்துக்கு வந்தார். ஐம்பது வருடத்துக்கு முன்னால் அவர் சித்தாநல்லூருக்குப் போயிருக்கிறார். வடக்குச் சுவரில், மடப்பள்ளிச் செங்கல்லுக்கு மேலே, புகை படிந்து ஒரே ஒரு வரி தெரிந்திருக்கிறது. விளக்குக் கொடை. மிச்சம் செங்கல்லுக்குப் பின்னால் இருக்கும் என்று அன்றே குறித்து வைத்திருக்கிறார்.

"மடப்பள்ளிய இடிச்சதாக் கேள்விப்பட்டேன். நீங்க இருக்கிற எடத்துல கல்லுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு எனக்குத் தெரியும். அதான் நிம்மதியா இருக்கேன்" என்றார். "இருந்துதாம்மா?"

அவள் போனில் படம் இருந்தது. செங்கல் விழுந்த அன்று எடுத்தது; பதினொரு வரியும் தெளிவாக. உலகத்தில் இப்போது அந்த எழுத்து இருக்கிற ஒரே இடம். ஒரு வார்த்தை சொல்லி, அந்தப் படத்தை அனுப்பினால் போதும். அதோடு அவள் கையெழுத்தும் வெளியே வரும், வேப்பமரமும் வரும், இருபத்தாறு வருடமும் போகும். இந்தக் கிழவருக்கு இன்றைக்குத்தானா ஞாபகம் வரவேண்டும் என்று நெஞ்செல்லாம் எரிந்தது.

"இல்ல சார்" என்றாள். "ஒரு வரிகூட இல்ல. நீங்க வேற கோயிலப் பாத்துட்டு மாத்திக் குறிச்சிருப்பீங்க. வயசாகுதில்ல."

அந்தப் பக்கம் நோட்டைப் புரட்டுகிற சத்தம் கேட்டது.

"இருக்கலாம்மா" என்றார் தியாகேசன். "பட்டியல்லேர்ந்து அடிச்சுடறேன்." பிறகு, வைக்கப் போகிறவர் வைக்காமல், "அங்க மழை பெய்யுதா? சத்தம் பலமாக் கேக்குதே" என்றார்.

அவள் ஜன்னலைப் பார்த்தாள். தெருவிளக்கு வெளிச்சத்தில் தெரு காய்ந்து கிடந்தது. எதிர்வீட்டுக் கோலம் கலையவில்லை.

போனை வைத்ததும் படத்தை அழித்தாள். நீக்கியவை சேருகிற இடத்துக்கும் போய், அங்கேயும் அழித்தாள். கடைசித் தொடலில் மின்சாரம் போனது.

விளக்கு வைக்கிற நேரம் தாண்டியிருந்தது. கூடம் சட்டென்று இருட்டிவிட்டது. இப்போது அவளுக்கும் கேட்டது. மாடிப்படியில். சடசடவென்று. முதல் துளிகள். பின்கட்டில். சமையலறைத் தரையில். நனைந்த முடியின் வாடை. நெய்.

கதவு பூட்டித்தான் இருந்தது. பூட்டு எதற்கு ஆகும்?

போனின் டார்ச்சை அடித்தாள்.

உடம்பு ஆட்டின் உடம்புதான். காது இருந்தது. கழுத்து இருந்தது. முகம் இல்லை. வடக்குச் சுவர் மாதிரி. வெளுத்து, சொரசொரப்பாக, ஊசி குத்திய புள்ளி புள்ளியாக. கண் இருந்த இடத்தில் மழுங்கிய பள்ளம். வாய் இருந்த இடத்தில் அதுவும் இல்லை. ஆனால் தாடை அசைந்தது. உள்ளுக்குள் அசைபோட்டுக்கொண்டிருந்தது. மெதுவாக. கரக். கரக்.

அதற்குப் பின்னால் இன்னொன்று. அதற்குப் பின்னால். சோபாவைச் சுற்றி. படியெல்லாம். எல்லா முகமும் அப்படி. அத்தனை மணலையும் அதே இடத்தில் நின்று வாங்கியிருக்கின்றன. சாக வழியில்லாமல்.

"போ" என்று கத்தினாள். கோபம் அப்போதும் வந்தது. அதைத்தான் பிடித்துக்கொண்டு நின்றாள். "நானா மணல் அடிச்சேன்? வைரக்கண்ணுகிட்டப் போங்க. என்கிட்ட எதுக்கு வர்றீங்க?"

ஒன்றும் நகரவில்லை. பிறகு எல்லாம் நகர்ந்தன. இடப்பக்கம் கொஞ்சம், வலப்பக்கம் கொஞ்சம். நடுவில் ஒரு சந்து விட்டன. ஓர் உடம்பு நிற்கிற அகலம்.

அவள் போனைத் தட்டினாள். விரல் வழுக்கியது. தியாகேசனுக்கு மணி போயிற்று. எடுத்தார்.

"சொல்லுங்கம்மா."

இருந்துது சார் என்றாள். பதினொரு வரி சார், நான்தான் இல்லைன்னு எழுதினேன்.

"ஹலோ?" என்றார் தியாகேசன்.

மறுபடியும் சொன்னாள். அடிவயிற்றிலிருந்து சொன்னாள்.

"ஹலோ? யாருங்க? மழச் சத்தம்தான் கேக்குது."

போன் கண்ணாடி மேல் பொடி உதிர்ந்தது. சாம்பல் நிறம். மாவு போல. கையை வாய்க்குக் கொண்டுபோனாள். விரல் தேடியது. மூக்குக்குக் கீழே சொரசொரப்பு. தாடை வரை சொரசொரப்பு. ஒரு கோடுகூட இல்லை.

பீரோக் கண்ணாடியில் டார்ச் வெளிச்சம் விழுந்திருந்தது. கூடம் முழுக்க வெளுத்த முகங்கள். நடுவில் இருந்த சந்து இப்போது இல்லை. அந்த இடத்தில், ஈரத்தலையோடு, நைட்டியோடு, நிமிர்ந்து ஒன்று நின்றது. கண் மட்டும் இன்னும் மிச்சம் இருந்தது. அந்தக் கண்ணால்தான் பார்த்தாள்.

வாய் இல்லாத இடத்துக்குக் கீழே, தாடை மெதுவாக அசையத் தொடங்கியிருந்தது.